இந்தப் பணம் திரும்பி வராது

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையின் மாடி. அரிசி மூட்டைகளுக்கும் ஊதுபத்திப் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கடைக்காரரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், வயதுக்கு அங்கிள் என்று கூப்பிட வேண்டியவர். என் நண்பரின் முதல் முழுநீளப் படத்துக்காக நான் எழுதிய பிசினஸ் பிளான் அவர் கையில் இருந்தது. 34 பக்கம், ஆங்கிலத்தில், வண்ண வரைபடங்களோடு. கண்ணாடியை ஏற்றி இறக்கி நிதானமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனார். அப்புறம் கேட்டார்: "தம்பி, இந்தக் காசு திரும்பி வராதுன்னு இதுல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். நண்பருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை மறைப்பதற்கு நான் 34 பக்கம் எழுதியிருந்தேன்.

சிங்கப்பூரில் தமிழில் சுயாதீனப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் எழுதுகிற, எழுதச் சொல்லப்படுகிற அந்தப் பொய்யைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். பிசினஸ் பிளானே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுகிற கூட்டத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என் குற்றம். நான் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். கதையும் எழுதுவேன். "உனக்குக் கணக்கும் தெரியும், எழுதவும் தெரியும், நீயே போட்டுரு" என்று நண்பர் என் தலையில் கட்டிவிட்டார். படம் ஓர் இரவு நேர செக்யூரிட்டியைப் பற்றியது. 68 வயதுக்காரர், ஒரு கொண்டோமினியத்தின் வாசல் கூண்டில் 12 மணி நேர ஷிப்டு, அவருக்கும் அந்தக் கூண்டுக்கும் இடையில் நடப்பது. 75 நிமிடப் படம். செலவு 180,000 வெள்ளி. படம் எடுப்பவர்களுக்கு இது பரிதாபமான தொகை. எங்களுக்கு மலை.

பிளானுக்கு ஒரு வடிவம் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்த வடிவம்: முன்சுருக்கம், நிறுவனம், படம், சந்தை, விநியோகம், முதலீட்டாளருக்கு என்ன கிடைக்கும், அபாயங்கள், கடைசியில் கணக்கு. அமெரிக்காவில் லூயிஸ் லெவிசன் என்கிற பெண்மணி சுயாதீனப் படக்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும் கையேடு ஒன்று எழுதினார், பல பதிப்புகள் கண்டது. 1999-இல் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தை எடுத்தவர்களுக்குப் பிளான் எழுதிக் கொடுத்தவர் அவர். சில பத்தாயிரம் டாலரில் படம்பிடித்த அது உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. அதற்குப் பிறகு பிசினஸ் பிளான் எழுதுகிற எல்லோர் கனவிலும் அந்தப் படம்தான் வருகிறது. நம் ஊர் டோட்டோ கடை வாசலில் பார்த்திருப்பீர்கள், பரிசு விழுந்த தேதிகளை மட்டும் பெரிதாக ஒட்டிவைத்திருப்பார்கள். விழாத தேதிகளை ஒட்ட ஆரம்பித்தால் கடையின் சுவர் போதாது.

அந்த வடிவத்தில் 'ஒப்பீட்டுப் படங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. உங்கள் படத்தைப் போன்ற நான்கைந்து படங்களின் செலவையும் வசூலையும் போட வேண்டும். நான் போட்டேன். முதலில் 'காக்கா முட்டை'. சின்னப் படம், பெரிய நட்சத்திரம் இல்லை, தேசிய விருது, 2015-இல் திரையரங்கில் ஓடியது. அதன் தயாரிப்பாளர்கள் தனுஷும் வெற்றிமாறனும், வெளியீட்டில் ஃபாக்ஸ் ஸ்டார் நிறுவனம் இருந்தது என்பதை அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை. எழுத எனக்கு மனமும் இல்லை. எங்கள் கையில் தனுஷ் இல்லை. நண்பர், நான், ஒளிப்பதிவாளர், அவருடைய வாடகைக் கேமரா, இவ்வளவுதான்.

போட்டிருக்க வேண்டிய படம் 'கூழாங்கல்'. வினோத்ராஜின் முதல் படம். 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. நயன்தாரா, விக்னேஷ் சிவன் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போனது. இத்தனைக்கும் பிறகு அது மக்களிடம் வந்து சேர்ந்தது 2023-இல், திரையரங்கு பார்க்காமல், சோனிலிவ் தளத்தில். இதைவிட நல்ல பெயர் வாங்க எந்தத் தமிழ்ச் சின்னப் படத்தாலும் முடியாது. அந்தப் பெயர் ஒரு டிக்கெட் கவுண்டரைக்கூடத் திறக்கவில்லை. எங்கள் ஒப்பீட்டுப் பக்கத்தில் அது இல்லை. நான் பார்த்த எந்தப் பிளானிலும் அது இல்லை.

அடுத்தது சந்தைப் பக்கம். எல்லோரும் போடுவதைத்தான் நானும் போட்டேன்: "உலகெங்கும் 8 கோடித் தமிழர்கள்." கீழே ஒரு வரி: "இதில் ஒரு சதவீதத்தினர் பார்த்தாலே..." இந்த வரியை எழுதாத தமிழ்த் தொழில்முனைவோர் உண்டா என்று தெரியவில்லை. ஊறுகாய் விற்பவரும் எழுதுகிறார், செயலி விற்பவரும் எழுதுகிறார். ஒரு சதவீதம் என்றால் எட்டு லட்சம் பேர். அந்த எட்டு லட்சம் பேர் எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எந்தக் கிழமை, யார் சொல்லி வரப்போகிறார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. கோடி என்கிற சொல்லைப் பார்த்ததும் நமக்குக் கண் மயங்கிவிடுகிறது.

சரி, உண்மைக் கணக்கைப் போடுவோம். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம். டிக்கெட் 12 வெள்ளி. ஜிஎஸ்டியை விட்டுவிடுகிறேன், அதையும் சேர்த்தால் இன்னும் அழுகை வரும். 8,000 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு அது திருவிழாக் கூட்டம். 96,000 வெள்ளி. அதில் பாதி திரையரங்குக்குப் போகும். மீதி 48,000. விநியோகஸ்தர் கால் பங்கு எடுப்பார், 36,000. சுவரொட்டி, விளம்பரம், பிரதி என்று குறைந்தது 20,000 போகும். கையில் நிற்பது 16,000. போட்டதோ 180,000.

போட்டதை எடுக்க வேண்டுமானால் 44,000 டிக்கெட்டுக்கு மேல் விற்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் குடியிருப்பாளர்களில் 2.5 சதவீதம். 2010-இல் அது 3.3 ஆக இருந்தது. 2.5 சதவீதம் என்பது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்து படுக்கையில் இருக்கும் பாட்டி வரை எல்லோரும் அதில் சேர்த்தி. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், ஒரு கிழட்டு செக்யூரிட்டியின் தனிமையைப் பார்க்க, தலைக்கு 12 வெள்ளி கொடுத்து வர வேண்டும். இதே ஆட்கள் விஜய் படத்துக்கே டெலிகிராமில் லிங்க் தேடுகிறவர்கள். (நானும்தான். ஒப்புக்கொள்கிறேன்.)

இந்தக் கணக்கை நான் பிளான் எழுதுவதற்கு முன்னாடியே ஒரு தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்துவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "முதலீட்டாளருக்கு முதலில் 120 சதவீதம், அதற்குமேல் வரும் லாபத்தில் சரிபாதி" என்று டைப் செய்தேன். அது அமெரிக்க வழக்கம், எல்லாப் பிளானிலும் இருக்கும் வாசகம். வராத பணத்தில் 120 சதவீதம் எவ்வளவு என்று கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியாதா?

"இதெல்லாம் ஒரு சடங்குப்பா, எவனும் நம்பப்போறதில்ல" என்று நண்பர் சொன்னார். மானிய அலுவலகத்தில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், சரி. அவர்கள் நூறு பிளான் பார்த்தவர்கள். பெரிய முதலாளிகளும் நம்ப மாட்டார்கள். அவர்கள் கொடுத்தால் வேறு காரணத்துக்காகக் கொடுப்பார்கள். நம்புகிறவர் யார் தெரியுமா? பணம் போனால் தாங்க முடியாதவர். எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார். சில வருடங்களுக்கு முன்னால், இதே மாதிரி ஒரு தமிழ்ப் படத்துக்கு, முன்னாள் மாணவன் கேட்டானென்று மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் 10,000 வெள்ளி கொடுத்தார். அவருக்கும் வண்ண வரைபடம் காட்டினார்கள். படம் பாதியில் நின்றது. பணம் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. அதற்கப்புறம் ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. இலக்கியக் கூட்டம், நூல் வெளியீடு என்று எங்கேயும் முதல் வரிசையில் இருப்பவர், இப்போது எதற்கும் வருவதில்லை. நம்முடைய வாசகர் வட்டம் எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். அதில் ஒருவரை இப்படி இழந்ததை எந்த நஷ்டக் கணக்கில் எழுதுவது?

இப்போது மற்றக் கூட்டத்துக்கு வருகிறேன். "கலைஞனுக்கு எதுக்குங்க கணக்கு?" என்பவர்கள். இவர்கள் எப்போதும் சத்யஜித் ராயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். 'பதேர் பாஞ்சாலி'க்காக அவர் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார், இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகைகள் போயின. உண்மைதான். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அத்தனையும் போதாமல் படம் நின்றுபோய்க் கிடந்தது. அப்புறம் மேற்கு வங்க அரசின் பணத்தில்தான் அது 1955-இல் வெளிவந்தது. படத்தின் பெயரில் பாதை இருந்ததால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்கள் என்பது பிரசித்தமான கதை. யாரோ ஒரு குமாஸ்தா ஏதோ ஒரு பேரேட்டில் ஒரு வரி எழுதியதால்தான் நமக்குத் துர்கா கிடைத்தாள். நமக்கு மட்டும் நகைதான் ஞாபகம் இருக்கிறது. நகையை அடகு வைத்தும் படம் வராமல் போன வீடுகளின் கதையை யாரும் கூட்டத்தில் சொல்வதில்லை.

இந்தக் 'கணக்கு எதற்கு' ஆசாமிகளின் படப்பிடிப்புக்கு நான் போயிருக்கிறேன். ஒலிப்பதிவு செய்கிற பையனுக்கு, "இது நம்ம படம்டா, உன் பேர் வரும்" என்று சொல்லி ஒரு வெள்ளிகூடக் கொடுக்கவில்லை. அவன் பகலில் உணவு டெலிவரி, இரவில் மைக் பிடித்தான். மூன்றாவது வாரம் வரவில்லை. உடனே, "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கலை மேல பிடிப்பில்ல" என்று ஒரு பேச்சு. பிளானில் அவனுக்கு ஒரு வரி இருந்திருந்தால், அந்த வரியில் பூஜ்யம் என்று எழுத யாருக்காவது கை கூசியிருக்கும். கணக்கு எழுத மறுப்பவர் யார் உழைப்பு இலவசம் என்பதை எழுத மறுக்கிறார்.

சரி, அரசு மானியம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சிங்கப்பூர் திரைப்பட ஆணையம் 1998-இல் வந்தது, இப்போது ஐஎம்டிஏவுக்குள் இருக்கிறது. அது இல்லாமல் இந்த ஊரில் சினிமா என்ற பேச்சே இவ்வளவு தூரம் வந்திருக்காது, அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் மானியங்கள் பெரும்பாலும் செலவில் ஒரு பங்கைத்தான் தரும். மிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மறுபடியும் 8 கோடித் தமிழர்கள் வருகிறார்கள். இன்னொன்று, கொடுத்த கை திரும்ப எடுக்கவும் செய்யும். 2015-இல் சன்னி லியூவின் சித்திர நாவல் வெளியாகும் நேரத்தில் தேசியக் கலை மன்றம் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. அந்தப் புத்தகம் அடுத்த வருடம் சிங்கப்பூர் இலக்கியப் பரிசும் 2017-இல் மூன்று ஐஸ்னர் விருதுகளும் வாங்கியது என்பது சந்தோஷமான பின்கதை. புத்தகத்தில் 8,000 போனால் பதிப்பாளர் சமாளிப்பார். படப்பிடிப்பின் நடுவில் அப்படி நடந்தால் கதை அங்கேயே முடிந்தது.

நம் ஊரிலிருந்து வெகுதூரம் போன தமிழ் பேசும் படங்களைப் பாருங்கள். எரிக் கூவின் 'மை மேஜிக்', 2008. நிஜ மந்திரக் கலைஞரான பாஸ்கோ பிரான்சிஸ் நடித்தது, கான் விழாவின் பிரதான போட்டிப் பிரிவுக்குப் போனது. தங்கப் பனைக்கான போட்டியில் ஒரு சிங்கப்பூர்ப் படம் நுழைந்தது அதுதான் முதல் முறை, அந்தப் படம் பேசியது தமிழ். கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்', 2016, கானின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிங்கப்பூர், பிரான்ஸ் கூட்டுத் தயாரிப்பு. இரண்டுமே தமிழ்ச் சந்தையை நம்பி எழுந்த படங்கள் இல்லை. ஒன்று, ஏற்கெனவே பெயர் வாங்கிய, தமிழரல்லாத ஓர் இயக்குநரின் பிடிவாதம். மற்றது பல வருடம் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் முதல் முழுநீளப் படம், கடல் கடந்து கூட்டாளி தேடி எடுத்தது. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இரண்டையும் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம்.

அப்படியானால் யாரை நம்பி எழுதுவது? மாடியில் அண்ணன் கேள்வி கேட்ட அன்றைக்கு ராத்திரி, தேக்காவிலிருந்து பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு பழைய சொல் ஞாபகம் வந்தது. மகமை.

கணக்கு எழுதுகிற சாதிகளுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். இந்த ஊரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் பெட்டகத்தையும் தாழ்வான மேசையையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள், வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று தனியாக எழுதினார்கள். அது கோயிலுக்கு. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-இல் எழும்பியது அந்தச் சமூகத்தின் பணத்தில். விருதுநகரில் நாடார் வணிகர்கள் மகமை வைத்து, வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி, 1889-இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். இதையெல்லாம் சொந்தச் சாதிப் பெருமைக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வேண்டாம், அந்த மகமையின் வாசலில் யார் நிற்க முடிந்தது, யார் நிற்க முடியவில்லை என்பதும் தெரியும். எனக்கு வேண்டியது அந்தக் கணக்கு முறை. வட்டிக்கு விட்டால் கடைசிக் காசு வரை கேட்டு வாங்குகிற மனிதர், திரும்பி வராத பணத்துக்கும் பேரேட்டில் ஒரு பத்தி வைத்திருந்தார். அதை நஷ்டம் என்று எழுதவில்லை, லாபம் வரும் என்று ஏமாறவும் இல்லை. எங்கே போகிறது என்று மட்டும் தெரிந்தாக வேண்டும்.

சினிமாவில் இப்படி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. ஷியாம் பெனகலின் 'மந்தன்', 1976. குஜராத் பால் கூட்டுறவின் ஐந்து லட்சம் விவசாயிகள் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள், பத்து லட்சம் சேர்ந்தது. படத்தின் தொடக்கத்திலேயே அவர்கள்தான் வழங்குகிறார்கள் என்று எழுத்து வரும். அப்புறம் தாங்கள் தயாரித்த படத்தைப் பார்க்க லாரி பிடித்து வந்தார்கள். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவும் ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரைகட்டிக் காட்டி, துண்டேந்திக் காசு சேர்த்து 'அம்மா அறியான்' எடுத்தார்கள், 1986. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தாரே, அதே ஜான். பெங்களூரில் பவன் குமார் இணையத்தில் கேட்டு, 110 பேரிடம் ஐம்பது லட்சத்துக்கு மேல் சேர்த்து 2013-இல் 'லூசியா' கொண்டுவந்தார். லீனா மணிமேகலையின் 'மாடத்தி'யும் கூட்டுநிதிப் படம்தான். இவற்றில் ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி. 'லூசியா'வுக்குப் பணம் போட்டவர்கள் முதலீடாகவே போட்டார்கள். ஒடேசாவுக்குக் காசு போட்ட கிராமத்துக்காரர் வட்டி எதிர்பார்க்கவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் குழப்பிவிடுகிறோம். கொடையாகக் கேட்க வேண்டியதை முதலீடு என்று கேட்கிறோம், ஏனென்றால் கொடை கேட்பது நமக்குக் கௌரவக் குறைச்சல். 120 சதவீதம் தருகிறேன் என்று பொய் சொன்னால் கௌரவம் எங்கேயும் போய்விடாது போலிருக்கிறது.

சட்டமும் இதில் சும்மா இல்லை. முதலீட்டைத் தனிப்பட்ட முறையில் கேட்பதற்கு இங்கே உள்ள ஒரு முக்கியமான விலக்கு 12 மாதத்தில் 50 பேர் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் வேறு விதிகள் வந்து நிற்கும். முதல் பிளானை எத்தனை பேருக்கு அனுப்பியிருந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். 47. எனக்கு வியர்த்துவிட்டது.

இரண்டாவது பிளானைத் தமிழில் எழுதினேன். ஒன்பது பக்கம். முதல் வரி: "இந்தப் பணம் திரும்பி வராது." நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைப் படிச்சா எவன் காசு குடுப்பான்? நீ எனக்கு உதவி பண்றியா, ஆப்பு வைக்கிறியா?" என்றார். இரண்டு வாரம் பேசவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏழு வருடமாக அந்தக் கதையைச் சுமப்பவர் அவர், நான் வெறும் கணக்குப்பிள்ளை.

ஒப்பீட்டுப் படங்கள் பக்கத்தை எடுத்துவிட்டேன். சந்தைப் பக்கத்தில் 8 கோடி போய், யார் பார்ப்பார்கள் என்று பெயர் சொல்லக்கூடிய இடங்கள் வந்தன: இரண்டு பள்ளி, ஒரு வாசகர் வட்டம், மூன்று சமூக மன்றம், ஜொகூரில் ஒரு நண்பர்கள் குழு. மொத்தம் 1,500 பேர் என்று போட்டேன், அதுவே கொஞ்சம் தாராளம். பழைய பிளானில் 'இலக்குப் பார்வையாளர்' என்ற கட்டத்தில் 25 முதல் 40 வயது, நடுத்தர வருமானம், அலுவலகப் பணி என்று எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நின்று பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து, ராத்திரி வேலையும் தனிமையும் என்னவென்று தெரிந்தவர்கள் புல்தரையில் உட்கார்ந்து போனில் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மேலே சொன்ன 2.5 சதவீதத்தில் அவர்கள் கிடையாது, அது குடியிருப்பாளர் கணக்கு. எங்கள் பிளானிலும் அவர்கள் கிடையாது, ஏனென்றால் 12 வெள்ளி டிக்கெட் வாங்க மாட்டார்கள். புதிய பிளானில் அவர்கள் செலவுப் பக்கத்தில் வருகிறார்கள்: தொழிலாளர் விடுதிகளில் ஆறு இலவசத் திரையிடல், ப்ரொஜெக்டர் வாடகை, வேன் வாடகை, 4,200 வெள்ளி. பார்வையாளரைச் செலவில் எழுதிய பிளானைப் பார்த்தால் லூயிஸ் லெவிசன் என்ன சொல்வாரோ.

ஒலிப்பதிவுக்காரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு வரி. இயக்குநருக்கும் ஒரு வரி, சிறிய தொகை, ஆனால் பூஜ்யம் இல்லை. கணக்கு மாதம் ஒரு முறை எல்லாருக்கும் போகும், படம் நின்றுபோனாலும் போகும் என்று ஒரு வரி. படம் நின்றுபோனால் மிச்சப் பணத்தை எப்படிப் பிரித்துத் தருவது என்று அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தை எழுதும்போது எனக்கே கை ஓடவில்லை. கல்யாணப் பத்திரிகையிலேயே விவாகரத்துக்கும் தேதி போட்ட மாதிரி இருந்தது.

நேர்மையாக எழுதினால் பணம் கொட்டும் என்று சொல்ல மாட்டேன். முதல் பிளானுக்கு 90,000 வரை வாய்வார்த்தையாக வந்திருந்தது. இரண்டாவதைப் பார்த்ததும் இரண்டு பேர் பின்வாங்கினார்கள், அதில் ஒருவர் 30,000 தருவதாகச் சொன்னவர். இதுவரை 17 பேர், 58,500 வெள்ளி. நண்பர் கதையில் கொண்டோ நீச்சல்குளக் காட்சியை வெட்டிவிட்டார். அதை வெட்டியது எனக்கும் வருத்தம்தான். படப்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை.

அந்த ஒன்பது பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்குப் போனேன். அண்ணன் முதல் வரியைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை பேனாவை எடுத்துக்கொண்டார். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"சாப்பாடு எட்டு வெள்ளின்னு போட்டிருக்கீங்க. 18 பேர், 22 நாள். படம் பூரா ராத்திரிலதான எடுக்கிறீங்க?"

"ஆமாண்ணே."

"ஏழு மணிக்கு ஒண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணு. ஒரு வேளை சோத்துக்குத்தான் காசு போட்டிருக்கீங்க. ரெண்டு மணிக்கு என்னத்தக் குடுப்பீங்க, தண்ணியா?"

3,168 என்று இருந்ததை அடித்து 6,336 என்று அவரே எழுதினார். 5,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தெரிந்த சமையல்காரர் ஒருவரின் நம்பரும் கொடுத்தார். மாசா மாசம் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நான் எழுந்திருக்கும்போது, அந்த செக்யூரிட்டி கடைசியில் வேலையை விடுகிறாரா இல்லையா என்று கேட்டார். சொல்லவில்லை.